ஊர் வரலாறும் பழம்பத்திரங்களும்

1911ஆம் ஆண்டிலே காலி நகரில் மதகொன்றின் மூடுகல்லாகக் கிடந்த ஒரு கற்பலகை பொறியியலாளர் ஒருவரின் கண்ணிற் பட்டது. அக்கல்லிற் சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மும்மொழிகளிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. 1409ஆம் ஆண்டுக்குரிய அச்சாசனம் சீனக் கடற்றளபதி செங் ஹோ இலங்கைக்குக் கொணர்ந்தது என்பதை அறிஞர் பின்னர்க் கண்டனர். சீனப் பகுதி புத்தபிரானுக்கும், தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கும் அளிக்கப்பட்ட காணிக்கைகளைக் கூறுகின்றது. இந்து சமுத்திரத்தின் வணிகமும் சமயமும் ஒன்றையொன்று சந்தித்த வரலாற்றுக்குச் சான்றான அக்கல், இன்று கொழும்பு நூதனசாலையிலே போற்றிக் காக்கப்படுகின்றது. மக்கள் அதன்மீது நடந்து சென்ற காலமும் ஒன்றிருந்தது.

இந்நிகழ்ச்சி உணர்த்தும் உண்மை எளியது. வரலாற்றுச் சான்று எனப்படுவது நூதனசாலையிலே பிறப்பதன்று. அது தெருவிலும், வீட்டுப் பரணிலும், கோயில் மடத்திலும், பாடசாலை அலுமாரியிலும், அன்றாடப் பொருளாகவே கிடக்கின்றது. அதனைச் சான்று என்று அறிந்து எடுத்துவைக்கும் ஒருவர் வரும்வரை அது வெறுங்கல், வெறுந்தாள். அவ்வொருவர் வருவதற்கு முன்னரே மழையோ கறையானோ தீயோ வந்துவிடுமாயின், அது என்றும் வெறுமையே.

கல்லுக்குப் பொறுமை உண்டு. ஐந்நூறு ஆண்டு மண்ணிற் கிடந்தாலும் எழுத்து எஞ்சும். ஓலைக்கும் கடதாசிக்கும் அத்தகைய பொறுமை இல்லை. ஊர்களின் வரலாறோ பெரும்பாலும் ஓலையிலும் கடதாசியிலுமே எழுதப்பட்டுள்ளது. ஆகவே ஊர் வரலாற்றைப் பேணுதல் என்பது, காலத்தோடு நடத்தப்படும் ஓர் ஓட்டப்பந்தயம் எனலாம்.

நாட்டு வரலாறு ஒன்று இருக்கும்போது ஊர் வரலாறு தனியே எதற்கு என்று வினவுவாரும் உளர். நாட்டு வரலாறு மன்னரையும் போர்களையும் சட்டங்களையும் கூறும். ஆனால் ஒரு குளத்தின் அணைக்கட்டை ஊரவர் எவ்வாறு முறைவைத்துத் திருத்தினர், ஒரு கிணற்றின் நீரை எத்தனை குடும்பத்தினர் எந்தெந்த நாளிற் பங்கிட்டனர், ஒரு பெண்ணுக்குச் சீதனமாக எது கொடுக்கப்பட்டது, கொள்ளைநோய் வந்த ஆண்டிலே ஒரு பாடசாலையில் எத்தனை பிள்ளைகள் வரவில்லை என்பவற்றை அது கூறாது. மக்கள் உண்மையாக வாழ்ந்த வாழ்க்கை இவற்றிலேதான் உளது. இவற்றை அறியாமல் எழுதப்படும் நாட்டு வரலாறு, கால்கள் தரையிற் படாத வரலாறாகவே இருக்கும்.

ஏடு பேணப்பட்டதனால் வந்த நன்மையும், பேணப்படாமையால் வந்த கேடும் யாழ்ப்பாண வரலாற்றிலே அடுத்தடுத்துக் காணப்படுகின்றன. ஒல்லாந்தர் ஆட்சிக் காலமாகிய 18ஆம் நூற்றாண்டிலே மாதகல் மயில்வாகனப் புலவர் யாழ்ப்பாண வைபவமாலை என்னும் உரைநடை நூலை இயற்றினார். ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வேண்டுகோளுக்கிணங்க எழுதப்பட்ட அந்நூலுக்கு முன்னைய நூல்கள் நான்கு ஆதாரமாக அமைந்தன. அவை கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை என்பன. இந்நான்கனுள் கைலாயமாலையும் வையாபாடலும் இன்று கிடைக்கின்றன. பரராசசேகரன் உலாவும் இராசமுறையும் பெயரளவிலேயே எஞ்சியுள்ளன.

இவ்விழப்பின் அளவை நேயர்கள் சிறிது சிந்தித்தல் வேண்டும். முதலியார் இராசநாயகம் 1926இல் பண்டைய யாழ்ப்பாணம் பற்றித் தாம் ஆங்கிலத்தில் எழுதிய பெருநூலை வெளியிட்டார். சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் யாழ்ப்பாண வைபவ விமர்சனத்தை எழுதினார். இருவரும் வைபவமாலையின் கால வரிசையிலே பல முரண்பாடுகளைக் கண்டனர். எந்த மன்னன் முன், எந்த மன்னன் பின் என்பதிலே வழக்குகள் எழுந்தன. இராசமுறை என்ற அந்நூல் கிடைத்திருப்பின், அவ்வழக்குகளிற் சில எழாமலே போயிருக்கக்கூடும். அதனைப் பகைவர் எவரும் தேடி அழித்தார் என்பதற்குச் சான்றில்லை. படியெடுப்பார் இல்லாத ஏடு தானாகவே மறையும். ஓர் ஏட்டின் ஆயுள் அதன் ஓலையின் ஆயுளன்று. அதனைப் படியெடுத்தோர் எண்ணிக்கையே அதன் ஆயுள்.

இதற்கு மறுதலையான ஓர் எடுத்துக்காட்டையும் அதே நூற்றாண்டு தருகின்றது. யாழ்ப்பாணத்து மக்களின் வழக்காறுகளை எழுதித் தொகுக்குமாறு ஒல்லாந்தத் தேசாதிபதி சைமன்ஸ் பணித்தமையால், அங்கே பல்லாண்டு வாழ்ந்த கிளாஸ் ஐசாக் என்னும் அதிகாரி 1707ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அப்பணியை நிறைவேற்றினார். ஒல்லாந்த மொழியில் எழுதப்பட்ட அத்தொகுப்புத் தமிழிற் பெயர்க்கப்பட்டுத் தமிழ் முதலிமார் பன்னிருவரிடம் சரிபார்த்தற்குக் கொடுக்கப்பட்டது. அதுவே தேசவழமை. ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலிமை அளித்தனர். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்னும் சொற்கள் இன்றும் நீதிமன்றங்களிலே பொருளோடு வழங்குவதற்கு, வாய்வழி நின்ற வழக்கம் எழுத்திலே ஏறியமையும், அவ்வெழுத்துப் பலரிடம் படியாக இருந்தமையுமே காரணமாகும்.

ஆனால் இங்கே கவலையோடு நோக்கவேண்டிய ஒன்று உளது. இப்பிரதேசங்களின் எழுத்துச் சான்றுகளை முறையாகத் தொகுத்து வைத்தோர் பெரும்பாலும் ஆட்சியாளராகவோ சமயத் தொண்டராகவோ வந்த அயலவரே. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வரி அறவிடும் பொருட்டுக் காணிகளையும் குடிகளையும் பதிந்து தோம்பு எழுதினர். ஒல்லாந்தர் பாடசாலைத் தோம்புகளிலே திருமுழுக்கையும் திருமணத்தையும் குறித்தனர். ஆங்கில ஆட்சியிலே மாகாணங்களையும் மாவட்டங்களையும் நிருவகித்த ஏசண்டர்மார் நாட்குறிப்பு எழுதவேண்டியவராயினர். மழை பெய்யாமையும், மாட்டு நோயும், குளம் உடைந்ததும், வழிப்பறியும் அக்குறிப்புகளிலே இடம்பெற்றன. வன்னி மாவட்டங்கள் பற்றி லூயிஸ் என்னும் அதிகாரி 1895இல் வெளியிட்ட கைநூல் இன்றும் வன்னி வரலாற்றை ஆராய்வோர் முதலில் எடுக்கும் நூல்களுள் ஒன்று. இலெனாட் வுல்வ் அம்பாந்தோட்டையிலே 1908 முதல் 1911 வரை எழுதிய நாட்குறிப்புகள் பிற்காலத்தில் நூலாகவே வெளிவந்தன.

அப்பதிவுகள் இன்று எங்கே உள? ஒல்லாந்தர் விட்டுச்சென்ற ஏறத்தாழ 7,000 தொகுதிகள் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் காப்பகத்திலே உள. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆவணங்கள் 2003ஆம் ஆண்டிலே யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றபோது, இலங்கையிலுள்ள தொகுதிகளும் அவற்றோடு சேர்ந்தே பெருமை பெற்றன. எஞ்சியவை கடல்கடந்து உள. யாழ்ப்பாணத்துப் பாடசாலையொன்றின் தோற்றத்தை ஆராய விரும்பும் ஒருவர், அமெரிக்க மிசனின் கடிதங்களைக் காண ஆவாட் பல்கலைக்கழகத்துக்கும், வெசிலியன் மிசனின் கடிதங்களைக் காண இலண்டனுக்கும் செல்லவேண்டியவராகின்றார். போர்த்துக்கேயர் காலத்துக்கு லிஸ்பனும் கோவையும். ஒல்லாந்தர் காலத்துக்கு ஏக் நகரம். அயலவர் எழுதியவை பேணப்பட்டமை நன்றே. ஆனால் வரி கேட்டவன் எழுதிய ஏடு மட்டும் எஞ்சி, வரி கொடுத்தவன் எழுதிய ஏடு மறையுமாயின், வரலாறு ஒருபக்கக் கணக்காகவே முடியும்.

இந்நாட்டவர் எவரும் இத்துறையில் உழைக்கவில்லை என்பதன்று. கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834ஆம் ஆண்டிலேயே இலங்கையின் ஊர்கள், ஆறுகள், குடிகள் பற்றிய அகராதியொன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, கறையான் வாய்ப்பட்ட பழந்தமிழ் ஏடுகளைத் தேடி எடுத்து அச்சேற்றி, இலக்கியத்தை அழிவினின்றும் மீட்டார். மட்டக்களப்பிலே ஏட்டுப் பிரதிகளாக வழங்கிய மட்டக்களப்பு மான்மியத்தை எப். எக்ஸ். சி. நடராசா 1962இற் பதிப்பித்தமையால், கிழக்கின் குடிமரபும் கோயில் மரபும் ஆராய்ச்சிக்கு எட்டின. எனினும் இலக்கிய ஏட்டுக்குக் கிடைத்த மதிப்புக் கணக்கேட்டுக்குக் கிடைக்கவில்லை. செய்யுள் எழுதிய ஓலையைப் பூசையறையில் வைத்த கைகள், நெற்கணக்கு எழுதிய ஓலையை அடுப்பில் இட்டதுண்டு. ஊர் வரலாறு இழந்தவற்றுட் பெரும்பகுதி அவ்வடுப்பிலேதான் எரிந்தது.

அங்ஙனமாயின் ஒவ்வோர் ஊரிலும் தேடவேண்டியவை எவை?

முதலாவது காணி உறுதிகள். பழைய உறுதியொன்றை எடுத்துப் படித்துப் பார்ப்போர், அதிலே ஊரின் முகம் தெரியக் காண்பர். ஒவ்வொரு நிலத்துண்டுக்கும் பெயர் உண்டு. அப்பெயர் பெரும்பாலும் ஒரு மரத்தையோ குளத்தையோ பழைய குடியொன்றையோ குறிக்கும். யாழ்ப்பாணத்திலே நிலம் நெற்பரப்பு என்றும் வரகுப்பரப்பு என்றும் விதைக்கும் தானியத்தைக் கொண்டு அளக்கப்பட்டது. பதினாறு வரகுப்பரப்பு ஓர் ஏக்கர். இன்று வெங்காயமும் புகையிலையும் விளையும் தோட்டத்தை வரகின் பெயரால் அளக்கும் உறுதி, வரகு உணவாக இருந்த காலத்தை நினைவூட்டுகின்றது. நான்கெல்லையிற் குறிக்கப்பட்ட ஒழுங்கைகளும், பங்குக் கிணற்றிலுள்ள உரிமையும், வழிவாய்க்காற் பாத்தியமும், ஊரவரின் உறவையும் பகையையும் ஒருங்கே காட்டுவன. சீதன உறுதி பெண்களின் பொருளுரிமையைக் காட்டும். ஒற்றி உறுதி பஞ்சம் வந்த ஆண்டைக் காட்டும்.

இரண்டாவது பாடசாலைப் பதிவுகள். சேர்விடாப்பிலே பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, தந்தையின் தொழில், முன்பு கற்ற பாடசாலை, விலகிய காரணம் என்பன உள. ஐம்பதாண்டுச் சேர்விடாப்பை வரிசையாகப் பார்த்தால், ஊரிலே எந்தத் தொழில் அருகியது, எத்தொழில் பெருகியது, பெண்பிள்ளைகள் எந்த ஆண்டு முதல் மேல்வகுப்புகளில் அமர்ந்தனர், யாருக்குப் பாடசாலைக் கதவு பிந்தியே திறந்தது என்பன எல்லாம் புலனாகும். சம்பவத் திரட்டுப் புத்தகத்திலே தலைமையாசிரியர்கள் எழுதிவைத்த ஓரிரு வரிகள், வெள்ளத்தையும் நோயையும் அறுவடைக் காலத்து வரவுக் குறைவையும் கூறும். 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகள் பல அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தன. முகாமை மாறும்போது பழம் பதிவேடுகள் பழைய முகாமையாளரிடமும் புதிய அலுவலகத்திலுமாகப் பிரிந்து சிதறுதல் இயல்பு. அவற்றைத் தேடி ஒன்றுசேர்த்தல் அப்பாடசாலைகளின் கடமை.

மூன்றாவது, யாழ்ப்பாணத்திலே கல்வெட்டு என்றே பெயர் பெற்ற நினைவு வெளியீடுகள். ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாட் கிரியையின்போது படிக்கப்பட்டு வழங்கப்படும் இச்சிறு நூலிலே வம்ச வரலாறும், இறந்தவரின் தொழிலும், அவர் ஊருக்குச் செய்த தொண்டும் பாட்டாகவும் உரையாகவும் அமையும். புகழ்ச்சி மிகுந்திருக்கலாம். ஆயினும், பெயர்களும் உறவுமுறைகளும் திகதிகளும் இத்துணை நெருக்கமாக வேறெங்கும் கிடையா. மலாயாவிலே புகையிரதப் பகுதியிற் கடமை புரிந்தவரும், கண்டியிலே கடை வைத்தவரும், ஊர்க் கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தவரும் அவற்றிலேதான் வாழ்கின்றனர். சில மாதங்கள் வீட்டிலே கிடந்து, பின்னர்ப் பொருள் சுற்றும் தாளாக மாறுவதே பெரும்பாலும் அவற்றின் விதி.

இவையன்றிக் கோயிற் கணக்குகள், குடமுழுக்கு மலர்கள், தேவாலயப் பதிவேடுகள், பள்ளிவாசற் பதிவேடுகள், ஐக்கிய சங்கங்களின் கூட்டக் குறிப்புகள், சனசமூக நிலையங்களின் கையெழுத்துப் பத்திரிகைகள், நாடக விளம்பரங்கள், நிழற்படங்கள் என்பனவும் உள. 1841இல் தொடங்கிய உதயதாரகை, 1882இல் அறிஞர் சித்திலெவ்வை தொடங்கிய முஸ்லிம் நேசன், 1889இல் தோன்றிய இந்துசாதனம், 1930இல் தோன்றிய ஈழகேசரி முதலிய பத்திரிகைகளின் பழைய இதழ்களும், ஊர்ச் செய்திகளுக்குக் களஞ்சியங்களாம்.

இத்தாள்கள் ஆராய்ச்சியாளருக்கு மட்டும் உரியன என்று எண்ணுதல் பெரும் பிழை. ஒரு தாள் இருந்தமையாலும் இல்லாமையாலும் மனிதர் வாழ்வே மாறியதுண்டு. மலைநாட்டின் வரலாறு இதற்குச் சான்று பகரும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், பிறப்பைக் காட்டும் சான்றுகளை முன்வைக்க இயலாத இலட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம், மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் தொடர்ந்து இந்நாட்டில் வாழ்ந்தமையை நிறுவ வேண்டும் என்றது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோரின் பொருட்டு விண்ணப்பங்கள் சென்றன. உரிமை பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேரே. அரசியற் காரணங்கள் பல இருந்தன என்பது உண்மை. ஆனால் லயத்து அறையிலே பிறந்து, அங்கேயே வளர்ந்து, தேயிலைக் கொழுந்து கிள்ளி முதுமையெய்திய ஒருவர், தாம் அங்கே இருந்ததற்குத் தாள் எங்கே என்ற கேள்விக்கு விடையின்றி நின்றமையும் உண்மை. தோட்டத்துச் செக்குறோலிலே அவர் பெயர் நாள்தோறும் எழுதப்பட்டது. ஆனால் அப்புத்தகம் அவர் கையில் இருக்கவில்லை. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே அவ்வழக்கைப் பெரும்பாலும் முடித்துவைத்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாக நீண்ட அத்துன்பத்தின் ஒரு பகுதி, தாளின் துன்பமே.

வடக்கிலும் கிழக்கிலும் இத்துன்பம் வேறு வடிவில் வந்தது. 1978 நவம்பரிலே மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியும், 2004 டிசம்பர் 26ஆம் நாட் கடற்கோளும், இவற்றுக்கிடையும் பின்னும் நிகழ்ந்த போரும் இடப்பெயர்வும், வீடுகளை மட்டும் கொண்டுபோகவில்லை, பெட்டகங்களையும் கொண்டுபோயின. ஊர் திரும்பியோர் பலர் தம் நிலத்துக்கு உறுதி காட்ட இயலாது கலங்கினர். போரினால் தம் நிலத்தை அணுக இயலாதிருந்தவர்கள், பிறர் நெடுங்கால ஆட்சியைக் காட்டி உரிமை கோருவதனால் நிலம் இழந்துவிடாதிருக்க, 2016ஆம் ஆண்டிலே தனிச்சட்டம் ஒன்று இயற்றவேண்டியதாயிற்று. பழம்பத்திரம் பழம்பெருமைக்கு மாத்திரம் உரியதன்று. வாழும் மனிதனின் வேலிக்கும் வாசலுக்கும் அதுவே காவல்.

ஒரே இடத்தில் எல்லாவற்றையும் சேர்த்துவைத்தலின் ஆபத்தை 1981ஆம் ஆண்டு கற்பித்தது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1930களிலே ஒரு தனிமனிதரின் முயற்சியாற் சிறு வாசிகசாலையாகத் தோன்றி, மக்கள் கொடையினால் வளர்ந்து, 1959இல் அழகிய கட்டடத்திற் குடிபுகுந்தது. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு தொடங்கிய வன்செயலில் அது தீக்கிரையாயிற்று. ஏறத்தாழ 97,000 நூல்களும், அவற்றோடு அரிய ஓலைச்சுவடிகளும் எரிந்தன. அந்நாட்களிலேயே ஈழநாடு பத்திரிகையின் பணிமனையும் எரிந்தது. அச்சிட்ட நூல்கள் பல மீண்டும் வாங்கப்பட்டன. கட்டடமும் மீண்டும் எழுந்து இன்று வாசகரை வரவேற்கின்றது. ஆனால் ஒரே படியாக இருந்த ஏட்டை எந்தக் கொடையாளராலும் மீட்டுக் கொடுத்தல் இயலாது. படி வேறிடத்தில் இருந்தவை மீண்டன, இல்லாதவை மீளவில்லை. இராசமுறை கற்பித்த பாடத்தையே, மிகக் கொடிய முறையில், அந்த இரவும் கற்பித்தது.

ஆகவே ஆவணங்களைப் பேணுதலுக்கு முதல் விதி இதுவே: ஒன்றை ஒன்றாக விட்டுவைத்தலாகாது. முற்காலத்திலே படியெடுத்தற்கு எழுத்தாணி பிடித்த கை மாதக்கணக்கில் உழைத்தது. இக்காலத்திலே அவ்வுழைப்புப் பெரிதும் குறைந்துவிட்டது. 2005ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்கள், இதழ்கள், பத்திரிகைகள், நினைவு மலர்கள் ஆகியவற்றை ஆயிரக்கணக்கிலே மின்படியாக்கி, உலகின் எப்பகுதியிலுள்ளோரும் இலவசமாகப் படிக்குமாறு செய்துள்ளது. பெருஞ்செல்வமோ அரச அதிகாரமோ இன்றித் தன்னார்வலர் தொடங்கிய அப்பணி, எந்த ஊரவராலும் இத்தகைய காரியத்தைச் செய்ய இயலும் என்பதற்குச் சான்று.

எனினும் மின்படி எடுத்தவுடன் மூலத்தை வீசிவிடலாம் என்று கருதுவதும் தவறு. உறுதியின் முத்திரையும், கடதாசியின் நீரடையாளமும், பின்புறத்தே வேறொரு கையால் எழுதப்பட்ட சிறு குறிப்பும், மூலத்திலேதான் முழுமையாக உள. மூலமும் படியும் வெவ்வேறிடங்களில் இருத்தல் வேண்டும். வெள்ளம் வரும் ஊரின் படி மேட்டு நிலத்திலும், கடற்கரை ஊரின் படி உள்நாட்டிலும் இருப்பின் நன்று.

இரண்டாம் விதி பட்டியல். என்ன உளது என்று எழுதிவைக்காத சேர்க்கையில் என்ன காணாமற் போயிற்று என்பதையும் அறிய இயலாது. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண், அது யாது என்பதற்கு ஒரு வரி, எந்த ஆண்டினது, எந்த வீட்டிலிருந்து எவர் கொடுத்தார், எந்நாளிற் கிடைத்தது என்னும் விவரங்கள் போதும். அப்பட்டியலின் படியும் வேறிடத்தில் இருத்தல் வேண்டும்.

மூன்றாம் விதி ஒழுங்கைக் கலைக்காமை. ஒரு குடும்பத்தின் பெட்டகத்திலிருந்து வந்த தாள்களை உறுதிகள் ஒருபுறம், கடிதங்கள் ஒருபுறம், படங்கள் ஒருபுறமாகப் பிரித்து வேறு வீட்டுத் தாள்களோடு கலத்தலாகாது. ஒரு சீதன உறுதியோடு ஒரே கட்டிற் கட்டப்பட்டிருந்த கடிதமே, அச்சீதனம் ஏன் பிந்தியது என்பதற்கு விளக்கமாக இருக்கக்கூடும். கட்டைப் பிரித்தவன் அவ்விளக்கத்தையும் பிரித்துவிடுகின்றான்.

கைத்தொழிலாகச் செய்யவேண்டியவையும் கடினமானவை அல்ல. குண்டூசியும் இரும்புக் கொளுவியும் துருப்பிடித்துத் தாளைத் தின்னும். அவற்றை மெல்ல அகற்றுதல் வேண்டும். கிழிந்த தாளை ஒட்டுநாடாவால் ஒட்டுதலும், பிளாத்திக்கு உறைக்குள் வெப்பமூட்டி மூடுதலும், பாதுகாப்புப்போலத் தோன்றினும் மீளாக் கேட்டை விளைப்பன. அலுமாரி சுவரோடு ஒட்டாமலும் நிலத்தினின்று உயர்ந்தும் நிற்றல் நன்று. அடியிலே காற்றோடுமாயின் ஈரமும் கறையானும் எளிதில் அணுகா. எழுத வேண்டிய எண்ணைப் பென்சிலாலேயே எழுதுதல் வேண்டும். ஓலைச்சுவடி முறியும் நிலையில் இருப்பின் அதனைத் துடைக்கவோ எண்ணெய் பூசவோ தாமாக முற்படாது, பல்கலைக்கழகத்தையோ சுவடிகள் காப்பகத்தையோ நாடுதலே தகும். அரச அலுவலகங்களின் பதிவுகளைப் பொறுத்தமட்டில், 1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேசிய சுவடிகள் காப்பகச் சட்டம் உளது. இடம் போதாது என்ற காரணத்தால் அவற்றைத் தம் விருப்பப்படி எரித்தற்கோ பழந்தாளாக விற்றற்கோ அலுவலர் எவருக்கும் உரிமை இல்லை என்பதை ஊரவரும் அறிந்திருத்தல் நலம்.

இவை யாவற்றினும் கடினமான விதி ஒன்று உண்டு. அது நேர்மை. பழம்பத்திரங்கள் பெருமையை மட்டும் கூறுவன அல்ல. தேசவழமைத் தொகுப்பிலேயே அடிமைகள் பற்றிய பகுதி ஒன்று உளது. மனிதர் காணியோடு சேர்த்துக் கைமாற்றப்பட்ட காலமும் இம்மண்ணில் இருந்தது. 1844ஆம் ஆண்டிலேதான் அடிமை முறை சட்டத்தால் முற்றாக ஒழிக்கப்பட்டது. யாரைக் கோயிலுக்குள் விடவில்லை, யாரைக் கிணற்றில் அள்ளவிடவில்லை, எந்தப் பிள்ளையைப் பாடசாலை வாங்கில் அமரவிடவில்லை என்பனவும் பழைய தாள்களிலே கிடக்கும். அத்தகைய பக்கத்தைக் கண்டு நாணிக் கிழித்தெறிபவர் ஊரின் மானத்தைக் காப்பவரல்லர். துன்புற்றவருக்கு எஞ்சியிருந்த ஒரே சாட்சியையும் இல்லாமற் செய்பவரே ஆவர்.

எழுத்தே இல்லாத மக்களும் உளர். நிலம் இல்லாதவருக்கு உறுதி இல்லை. பள்ளிக்கு விடப்படாதவருக்குச் சேர்விடாப்பு இல்லை. பிறர் கணக்கேடுகளிலே கூலியாகவும் தொகையாகவும் மட்டும் தோன்றும் அவர்களுடைய வரலாறு, முதியோரின் வாய்மொழியிலேயே உளது. ஆகவே ஊர்ச் சேர்க்கையொன்று, தாள்களைத் தேடுவதோடு நில்லாது, முதியோரின் சொல்லையும் ஒலிப்பதிவு செய்து, கூறியவர் பெயரும் நாளும் இடமும் குறித்து, அவர் சம்மதத்தோடு பேணுதல் வேண்டும். முதியவர் ஒருவர் மறையும்போது படியெடுக்கப்படாத ஏடொன்றும் மறைகின்றது.

இப்பணிக்குப் பெருங்கட்டடம் வேண்டுவதில்லை. ஒரு பாடசாலையின் ஓர் அலுமாரி, ஒரு வாசிகசாலையின் ஓர் அறை, பொறுப்புள்ள இருவர், ஒரு பட்டியற் புத்தகம் என்பன தொடக்கத்துக்குப் போதும். உயர்வகுப்பு மாணவர் விடுமுறைக் காலத்திலே வீடு வீடாகச் சென்று பழந்தாள்களைக் கேட்டறிந்து, உரியவர் முன்னிலையிலேயே படம் பிடித்து, மூலத்தை உரியவரிடமே ஒப்படைத்துவிடலாம். எவருடைய சொத்தையும் பறிக்காமலே ஊரின் சொத்தைச் சேர்க்கும் வழி அது. உறுதிகளைக் காட்ட அஞ்சும் குடும்பங்களுக்கு, அவை இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னரே பிறர் பார்வைக்கு வைக்கப்படும் என்னும் உறுதிமொழியை எழுதிக் கொடுத்தல் முறை. அவ்வுறுதிமொழியைக் காத்தல் அதனினும் முக்கியம். நம்பிக்கை இழந்த ஊரிலே பெட்டகங்கள் மீண்டும் திறவா.

வரலாறு அரசமாளிகையிலே எழுதப்படுவது என்னும் எண்ணம் பழையது. அது ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு தாளாக எழுதப்பட்டு வருகின்றது. இவ்வாரம் வீடு சுத்திசெய்யப் புகுவோர், பரணிலுள்ள தகரப்பெட்டியிலிருந்து ஒரு மஞ்சள் நிறத் தாளை எடுக்கும்போது, அதனை எரிகின்ற குப்பையில் இடுமுன் ஒருமுறை விரித்துப் படிப்பாராக. அதிலே ஒரு பெயர் இருக்கும். ஒரு திகதி இருக்கும். அதற்கு ஒரு படியெடுத்து, ஓர் எண்ணிட்டு, ஒரு பட்டியலிற் சேர்த்துவிட்டால், அவ்வூரின் வரலாறு அவ்வளவுக்கு நீண்டுவிட்டது. வருங்காலத்தவர் இவ்வூரில் யார் வாழ்ந்தனர் என்று கேட்கும்போது, விடை சொல்ல அத்தாள் இருக்கும்.